கொல்லங்கோட்டு வானமும் கான்கார்டின் வாலும்

திருவனந்தபுரம் விமான நிலையத்தின் ஓடுபாதை வடமேற்கு தென்கிழக்காகக் கிடக்கிறது. வடமேற்கு முனையைத் தாண்டினால் சங்குமுகம் கடற்கரை. தென்கிழக்கு முனையிலிருந்து அதே கோட்டை நீட்டிக்கொண்டே போனால் விழிஞ்ஞம், பூவார் பக்கமாக வந்து கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்கும் இடத்தை ஒட்டும். அந்த இடத்தில்தான் எங்கள் கொல்லங்கோடு இருக்கிறது. கடல் காற்று வீசும் நாட்களில் விமானங்கள் இந்தப் பக்கமாக வந்து திரும்பி ஓடுபாதையை நேர்பிடிக்கும். சாயங்காலம் தெற்கு வானத்தில் ஒரு வெள்ளை விளக்கு அசையாமல் நிற்பதுபோல் தெரியும். கொஞ்ச நேரத்தில் அது இரண்டாகப் பிரியும், அப்புறம் சத்தம் வரும். நான் விமானங்கள் மேல் பைத்தியமானது இப்படித்தான்.

குமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. எங்களுக்கு ஏர்போர்ட் என்றால் திருவனந்தபுரம்தான், எல்லை தாண்டி ஒரு மணி நேரம். இந்தப் பகுதியே 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது என்பதால் அதை அடுத்த மாநிலத்து ஏர்போர்ட் என்று இங்கே யாரும் நினைப்பதில்லை. பாறசாலை, நெய்யாற்றின்கரை, மார்த்தாண்டம் பக்கத்து ஆட்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை சங்குமுகத்தில் கூடுவோம். தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. மொபைலில் ஃப்ளைட்ரேடாரைத் திறந்து வைத்துக்கொண்டு, வருவது எது, எங்கிருந்து, எந்த மாடல் என்று பார்ப்போம். சுண்டல் தீர்ந்ததும் பேச்சு பழைய விமானங்களுக்குப் போய்விடும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்குக் காரவெல்தான் உயிர். முக்கோணம் மாதிரி இருக்கும் அதன் ஜன்னலைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். இன்னொருவருக்கு நான்கு என்ஜின் போயிங் 707. எனக்குப் பிடித்தது ஏர்பஸ் ஏ310, அதிலும் 300 வரிசை. அதைச் சொன்னால் புதிதாக வருகிறவர்கள் கொஞ்சம் ஏமாந்துபோவார்கள். ஒலியை மிஞ்சிப் பறந்த கான்கார்ட் பற்றி இவ்வளவு பேசுகிற ஆள் இதையா சொல்கிறான் என்று நினைப்பார்கள். ஆனால் எனக்கு அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கான்கார்டை முதலில் எனக்குக் காட்டியது புத்தகமோ படமோ இல்லை, என் மாமா. 1970-களின் கடைசியில் பம்பாய் போய், துவாரகா கப்பலில் ஏறி, பல துறைமுகங்களில் நின்று நின்று பஹ்ரைன் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் வளைகுடா போன நம் ஆட்களில் கப்பலில் போனவர்கள் நிறையப் பேர் உண்டு. முஹர்ரக் தீவில் ஒரு சிறிய ஒர்க்‌ஷாப்பில் கார்களுக்கு டிங்கரிங் வேலை. பஹ்ரைன் விமான நிலையமும் அதே தீவில்தான். 1976 ஜனவரி 21 அன்று கான்கார்ட் பயணிகளோடு பறக்கத் தொடங்கியபோது ஏர் பிரான்ஸ் பாரிஸிலிருந்து டக்கார் வழியாக ரியோவுக்குப் போனது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் லண்டனிலிருந்து பறந்த இடம் பஹ்ரைன். அமெரிக்கா அப்போது இன்னும் கதவைத் திறக்கவில்லை. அதனால் உலகத்தின் அதிவேகப் பயணிகள் விமானம் வந்து இறங்கிய முதல் ஊர்களில் ஒன்று, எங்கள் விளவங்கோடு தாலுகாக்காரர்கள் தகரக் கொட்டகையில் வேலை பார்த்த ஊராக அமைந்தது.

மாமா சொல்வார்: "மக்களே, அது எறங்கும்போ ஒடம்பு மேல பாத்து நிக்கும், மூக்கு மட்டும் கீழ தொங்கும். கொக்கு கொளத்துல வந்து எறங்குமே, அதே மாதிரி கேட்டியா. பொறப்படும்போதான் பேடி (பயம்). பெஞ்சு மேல வச்ச ஸ்பேனர் எல்லாம் கிலுகிலுன்னு ஆடும். அரபி ஒருத்தன் காதப் பொத்திட்டு நிப்பான், ஆனா போக மாட்டான், பாத்துட்டே நிப்பான்."

மாமா பார்த்தது சரிதான். வால் சிறகு இல்லாத முக்கோணச் சிறகு குறைந்த வேகத்தில் எடையைத் தாங்க வேண்டுமென்றால் விமானம் நன்றாக நிமிர்ந்து பறக்க வேண்டும். அப்படி நிமிர்ந்தால் நீண்ட கூர்மூக்கு விமானியின் பார்வையை மறைக்கும். அதற்காகத்தான் அந்த மூக்கு கீல் வைத்ததுபோல் 12.5 டிகிரி வரை கீழே வளையும். புறப்படும்போது ஒர்க்‌ஷாப்பை அதிரவைத்தது ரீஹீட். என்ஜினிலிருந்து வெளியே வரும் வெப்பக் காற்றில் மறுபடியும் எரிபொருளைப் பீய்ச்சிப் பற்றவைக்கும் முறை அது. போர் விமானங்களில் சாதாரணம். பயணிகள் விமானத்தில் நான்கு ஒலிம்பஸ் 593 என்ஜின்களுக்கும் அது இருந்தது.

டிங்கரிங்காரர் என்பதால் மாமாவின் கவனம் எப்போதும் தகட்டில்தான். ஒருமுறை நான் கான்கார்ட் மேலே போனதும் மூக்கு 127 டிகிரி வரை சூடாகும் என்று படித்துச் சொன்னேன். உடனே கேட்டார்: "தகடு சூடானா நீளுமே, அதுக்கு என்ன செஞ்சான்?" நான் பார்த்த எந்த டாக்குமெண்டரியிலும் இவ்வளவு நேராக யாரும் கேட்டதில்லை.

ஆமாம், நீளும். 18 கிலோமீட்டர் உயரத்தில், வெளியே காற்று மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே இருக்கும். ஆனால் ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில், அதாவது மாக் 2-ல், மணிக்கு 2,100 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது, எதிரே வரும் காற்று நெருக்கப்பட்டே உடம்பைச் சுட்டுவிடும். 62 மீட்டர் நீளமுள்ள அந்த விமானம் பறக்கும்போது 15 முதல் 25 சென்டிமீட்டர் வரை நீளும். உள்ளே அதைக் கண்ணால் பார்க்கலாம். காக்பிட்டில் ஃப்ளைட் என்ஜினியரின் பேனலுக்கும் பின்சுவருக்கும் நடுவே தரையில் இருக்கும்போது இடைவெளியே இருக்காது. மேலே போனதும் ஒரு கை நுழையும் அளவுக்குத் திறக்கும். கடைசிப் பயணங்களில் என்ஜினியர்கள் சிலர் தங்கள் தொப்பியை அந்த இடைவெளியில் சொருகிவிட்டார்கள். இறங்கிக் குளிர்ந்ததும் அது மூடிக்கொண்டது. சியாட்டில் அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானத்தில் தொப்பி அப்படி மாட்டிக்கொண்டே இருந்தது. இதைச் சொன்னபோது மாமா ரொம்ப நேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

வேகத்தை மாக் 2 அளவில் நிறுத்தியதற்கும் இந்தச் சூடுதான் காரணம். அதற்கு மேல் போனால் அலுமினியக் கலவை தாங்காது, டைட்டானியத்துக்கோ எஃகுக்கோ போக வேண்டும். அமெரிக்காவின் போயிங் 2707 அந்த வழியில் போகப் பார்த்தது. செலவு ஏறி ஏறி, 1971-ல் ஒரு விமானம்கூடப் பறக்காமல் திட்டம் நின்றது. கான்கார்டின் வெள்ளை நிறமும் சூட்டை வெளியே தள்ளுவதற்காகத்தான். 1996-ல் பெப்சி விளம்பரத்துக்காக ஒரு ஏர் பிரான்ஸ் கான்கார்டுக்கு நீலம் அடித்தார்கள். அந்த நிறத்தோடு மாக் 2-ல் 20 நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். பெயிண்ட் அடிப்பவருக்கு இதைவிட நல்ல கதை வேண்டுமா? மாமா இதை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இனி வாலுக்கு வருகிறேன். ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது சிறகின் மேல் தூக்குவிசை செயல்படும் இடம் பின்னால் நகர்ந்துவிடும். அப்படியே விட்டால் மூக்கு கீழே கவிழப் பார்க்கும். சாதாரண விமானம் என்றால் வால் சிறகை வளைத்துச் சரி செய்யலாம். கான்கார்டுக்குக் கிடைமட்ட வால் சிறகு இல்லை. சிறகின் பின்னோரத் தகடுகளை வளைத்தால் காற்றுத்தடை கூடும், எரிபொருள் கரையும். அதனால் எரிபொருளையே எடைக்கல்லாகப் பயன்படுத்தினார்கள். வேகம் கூடும்போது முன்தொட்டிகளில் இருந்து டன் கணக்கில் எரிபொருளை வாலில் உள்ள தொட்டிக்குப் பம்ப் செய்வார்கள். விமானத்தின் எடைமையம் பின்னால் போகும். வேகம் குறையும்போது அதே எரிபொருள் மறுபடி முன்னால் வரும். ஒவ்வொரு பயணத்திலும் இதைச் செய்தாக வேண்டும். கான்கார்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேகம்கூட இல்லை, இதுதான்.

சரி, பஹ்ரைனோடு கதை நிற்கவில்லை. 1977 டிசம்பரில் பிரிட்டிஷ் ஏர்வேஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேர்ந்து அந்தப் பாதையைச் சிங்கப்பூர் வரை நீட்டின. ஒரே விமானம், ஒரு பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறம், மறுபக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறம். சில பயணங்களிலேயே மலேசியா சத்தத்தைக் காரணம் காட்டி மலாக்கா நீரிணை மேல் பறக்கக் கூடாது என்றது. சேவை நின்றது. 1979 ஜனவரியில் மீண்டும் தொடங்கி 1980 நவம்பரில் ஒரேயடியாக முடிந்தது. இந்தியாவும் தன் நிலத்தின் மேல் ஒலியை மிஞ்சிய வேகத்தில் பறக்க அனுமதிக்கவில்லை. அதனால் அது தெற்கே கடல் வழியாகச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. அதாவது, அந்த நாட்களில் கான்கார்ட் நம் குமரி முனைக்குத் தெற்கே எங்கோ ஆழ்கடல் மேல் போய் வந்துகொண்டிருந்தது.

விமானப் பிரியர்கள் பலருக்கு இந்தியா மேல் இதில் வருத்தம் உண்டு. எனக்கு இல்லை. இந்தியா மறுத்தது சரி என்றுதான் நினைக்கிறேன். சோனிக் பூம் என்பது ஒலித்தடையை உடைக்கும் அந்த ஒரு நொடியில் மட்டும் கேட்கும் வெடி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. விமானம் அந்த வேகத்தில் போகும் தூரம் முழுவதும், கீழே ஒரு பட்டையாக அந்த இரட்டை இடி இழுபட்டுக்கொண்டே வரும். 60,000 அடி உயரத்தில் போனால் அந்தப் பட்டையின் அகலம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். நம் மாவட்டத்தில் கடலிலிருந்து மலைக்கு அதில் பாதிதான் வரும். ஒரு விமானம் மேலே போனால் தேங்காப்பட்டணம் முதல் பேச்சிப்பாறை வரை ஒரு வீடு விடாமல் ஜன்னல் அதிரும். தொட்டிலில் தூங்குகிற குழந்தைக்கும் சேர்த்துத்தான். மேலே 100 பேர் சீக்கிரம் போவதற்காகக் கீழே லட்சக்கணக்கானவர்கள் அதைத் தாங்க வேண்டுமா என்பது நியாயமான கேள்வி. கான்கார்டின் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கேபினுக்குள் உட்கார்ந்து எழுதுகிறார்கள்: ஷாம்பெயின், முன்சுவரில் எரியும் மாக் எண், கரும்நீல வானம், தொட்டால் சுடும் சின்ன ஜன்னல். எல்லாம் அழகுதான், எனக்கும் ஆசைதான். ஆனால் கீழே நின்று கேட்டவர்களும் அந்த விமானத்தின் நினைவில் பங்குள்ளவர்கள். அதன் தலையெழுத்தில் பாதியை எழுதியது அவர்கள்தான்.

ஏர் இந்தியாவும் ஒரு காலத்தில் 2 கான்கார்டுகளுக்கு முன்பதிவு செய்து வைத்திருந்தது, பின்னால் கைவிட்டது. ஒலியை மிஞ்சிப் பறந்த இன்னொரு பயணிகள் விமானமான ரஷ்யாவின் டியூ-144 பற்றி நீட்ட வேண்டியதில்லை. 1968 டிசம்பர் 31-ல் கான்கார்டுக்கு முந்திப் பறந்தது, 1973-ல் பாரிஸ் கண்காட்சியில் எல்லோர் கண் முன்னும் நொறுங்கியது, மாஸ்கோ-அல்மா அட்டா பாதையில் பயணிகளோடு ஓடியது வெறும் 55 முறை. கேபினுக்குள் பக்கத்து சீட்டுக்காரரோடு பேசக்கூட முடியாத இரைச்சலாம்.

மாமாவிடம் உங்களுக்குப் பிடித்த விமானம் எது என்று கேட்டால் கான்கார்ட் என்று சொல்ல மாட்டார். ட்ரைஸ்டார் என்பார். விடுமுறைக்கு முதன்முதலாக ஊருக்கு வந்தபோது பஹ்ரைனிலிருந்து பம்பாய்க்கு கல்ஃப் ஏரின் லாக்ஹீட் ட்ரைஸ்டாரில் வந்தாராம். மூன்று என்ஜின், அதில் ஒன்று வாலுக்குள். போகும்போது கப்பலில் பல நாள் வாந்தி எடுத்துக்கொண்டு போனவர், திரும்பும்போது சோறு தின்று தூங்கி எழுந்ததும் பம்பாய். அப்புறம் ரயில். அந்த ஒரு பயணத்தைப் பற்றி இன்றைக்கும் நேற்று நடந்ததுபோல் பேசுவார்.

எங்கள் பகுதிக்கு உண்மையில் தூரத்தைக் குறைத்தது, திருவனந்தபுரத்திலிருந்தே வளைகுடாவுக்கு விமானம் கிளம்பியதுதான். 1970-களின் கடைசியில் ஏர் இந்தியா 707-களோடு தொடங்கிய பாதை அது. அப்புறம் ஏ300, ஏ310. நான் 1990-களில் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனது ஏர் இந்தியாவின் ஏ310-ல். இரண்டு, நான்கு, இரண்டு என்று வரிசை. நடு நாலு சீட்டில் எனக்கு இடம். இரண்டு பக்கமும் முதல்முறை போகிறவர்கள். ஒருவர் பெல்ட்டை இடுப்பில் முடிச்சே போட்டுவிட்டார், அவிழ்த்துக் கொக்கியை மாட்டிக் காட்டினேன். மடியில் அம்மா கட்டிக்கொடுத்த பொதி, நேந்திரங்காய் வற்றல் வாசனை. ஓடுபாதை முடிந்ததும் கீழே கடல். ஜன்னல் சீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, சங்குமுகத்தில் ஆள் நிற்பது தெரிகிறது என்றார். கேபின் முழுக்க யாரும் பேசவில்லை. சிலர் அழுதார்கள்.

அந்த விமானத்தைப் பற்றிப் பின்னாளில் படித்தபோதுதான் தெரிந்தது. ஏ310-300 மாடலின் கிடைமட்ட வால் சிறகுக்குள் ஒரு எரிபொருள் தொட்டி உண்டு. பறக்கும்போது எரிபொருளை அதற்குள் பம்ப் செய்து எடைமையத்தைப் பின்னால் நகர்த்துவார்கள். காற்றுத்தடை குறையும், எரிபொருள் மிச்சமாகும். கான்கார்டின் அதே வித்தைதான். அங்கே மாக் 2-ல் கவிழாமல் இருப்பதற்காகச் செய்ததை இங்கே சிக்கனத்துக்காகச் செய்தார்கள். இரண்டு விமானமும் பிறந்த இடம் பிரான்ஸின் துலூஸ். கான்கார்ட் முதலில் பறந்தது 1969 மார்ச் 2, ஏர்பஸ்ஸின் முதல் விமானமான ஏ300 பறந்தது 1972 அக்டோபர் 28, இரண்டும் அதே ஊரிலிருந்து. நம் ஆசிரியருக்குப் பிடித்த காரவெல்லும் அங்கேதான் பிறந்தது. கார்பன் பிரேக்கைப் பயணிகள் விமானத்தில் முதலில் கொண்டுவந்ததும் கான்கார்ட்தான், இன்று பெரிய விமானங்களில் அது சாதாரணம். பணக்காரர்களுக்காக மட்டும் பறந்து தோற்றுப்போன விமானம் என்று கான்கார்டைத் தள்ளிவிடுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். பெல்ட் மாட்டத் தெரியாத அந்த மனுஷனின் டிக்கெட் விலையில் ஒரு துளியாவது அந்த வால் தொட்டியால் குறைந்திருக்கும். என் ஓட்டு ஏ310-300-க்குப் போவதன் காரணம் இதுதான்.

போயிங் 747 ஜம்போவை விட்டுவிட்டால் சங்குமுகத்துக் கூட்டத்தில் எனக்கு இடம் கிடைக்காது. ஏர் இந்தியாவின் பழைய ஜம்போக்களுக்குப் பேரரசர்களின் பெயர் வைத்திருந்தார்கள். அதில் ஒன்று ராஜேந்திர சோழன். கடல் தாண்டிப் போன ராஜாவின் பெயர் கடல் தாண்டும் விமானத்துக்கு. எவ்வளவு பொருத்தம்! விமானங்களுக்குப் பெயர் வைக்கும் அந்த வழக்கம் பழையபடி முழுசாகத் திரும்ப வேண்டும் என்பது என் ஆசை.

2000 ஜூலை 25 அன்று பாரிஸ் அருகே கோனேஸில் விழுந்த கான்கார்டில் இருந்த 109 பேரும், கீழே ஹோட்டலில் இருந்த 4 பேரும் இறந்தார்கள். ஓடுபாதையில் கிடந்த ஒரு உலோகத் துண்டு டயரைக் கிழித்து, டயர்த் துண்டு தொட்டியின் அடியில் அடித்து, தீப்பிடித்தது. தொட்டிகளுக்குள் கெவ்லார் என்ற உறுதியான நார் உறை போட்டு, புது டயர் மாட்டி மறுபடியும் பறக்கவிட்டார்கள். ஆனால் பயணிகள் குறைந்துவிட்டார்கள், செலவு ஏறிவிட்டது. 2003 அக்டோபர் 24-ல் கடைசிப் பயணிகள் சேவை. அன்று டிவியில் பார்த்துக்கொண்டிருந்தபோது மாமா எழுந்து வெளியே போய்விட்டார். நானும் கூப்பிடவில்லை.

ஒலியை மிஞ்சிப் பறக்கும் ஒரு விமானம் எங்கள் ஏர்போர்ட்டிலேயே வந்து நிற்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. 2025 ஜூன் 14 இரவு பிரிட்டிஷ் கடற்படையின் எஃப்-35பி போர் விமானம் ஒன்று எரிபொருள் குறைந்து திருவனந்தபுரத்தில் இறங்கியது. அப்புறம் ஹைட்ராலிக் கோளாறு. இங்கிலாந்திலிருந்து ஆள் வந்து சரிசெய்து ஜூலை 22-ல்தான் கிளம்பியது. அந்த ஐந்து வாரமும் இங்கே டீக்கடையில் அதுதான் பேச்சு. அதைப் பார்த்துவிட வேண்டும் என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர்! எங்கள் கூட்டத்துக்கு அதற்கு முன் எதுவும் இவ்வளவு புதியவர்களைச் சேர்த்ததில்லை. அதில் இரண்டு பையன்கள் இப்போது ஒவ்வொரு ஞாயிறும் வருகிறார்கள்.

அந்தப் பையன்கள் புது விஷயங்களைக் கொண்டுவருகிறார்கள். 2025 ஜனவரி 28-ல் பூம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் எக்ஸ்பி-1 சோதனை விமானம் கலிபோர்னியாவில் ஒலித்தடையைத் தாண்டியது. அவர்கள் செய்யப்போவதாகச் சொல்லும் பயணிகள் விமானத்தின் வேகம் மாக் 1.7. நாசாவின் எக்ஸ்-59 அதே ஆண்டு அக்டோபரில் முதன்முதலாகப் பறந்தது. நீண்ட மூக்கும் மேலே வைத்த என்ஜினும் கொண்டு, இடியை ஒரு மெல்லிய தட்டல் அளவுக்குக் குறைப்பதுதான் அதன் நோக்கம். என் மனம் இந்த இரண்டாவதோடுதான் இருக்கிறது. கீழே இருப்பவர்களின் காதை முதலில் கணக்கில் எடுத்துக்கொண்டு வரையப்பட்ட விமானம் அது.

இன்னொரு கணக்கும் எனக்கு உண்டு. வரைபடத்தில் திருவனந்தபுரத்துக்கும் மஸ்கட்டுக்கும் நேர்க்கோடு போட்டுப் பாருங்கள். கோடு ஏறக்குறைய முழுக்க அரபிக்கடல் மேல்தான் போகிறது. நடுவில் லட்சத்தீவைக் கொஞ்சம் விலகிப் போனால் யார் வீட்டு ஜன்னலும் அதிராது. மாக் 1.7-ல், ஏறி இறங்கும் நேரம் சேர்த்தாலும், ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான் ஆகும். மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் என் தங்கையிடம் இதைப் பெரிய உற்சாகத்தோடு சொன்னேன். அவள் கேட்டது: "அண்ணா, அதுல லக்கேஜ் எத்தன கிலோ?"

நியாயமான கேள்வி. கான்கார்டில் சரக்குக்கு இடம் குறைவு, இனி வரப்போகும் மெலிந்த விமானங்களிலும் அப்படித்தான் இருக்கும். எங்கள் ஊர்ப் பயணி மரச்சீனி வற்றலும் மீன் ஊறுகாயும் இல்லாமல் ஏற மாட்டார். அடுத்த ஞாயிறு அந்தப் பையன்களிடம் இதைப் போட்டுப் பார்க்க வேண்டும்.